சொல் சேர்த்தவரும் துடுப்பு வலித்தவரும்

நேயர்களே, கொழும்பிலே பேரை வாவிக் கரையால் காலை வேளையில் நடந்து செல்பவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். ஊசிபோல் மெலிந்து நீண்ட படகொன்று நீரைக் கிழித்துக்கொண்டு வரும். போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி எட்டுப் பேர் ஒருமித்துத் துடுப்பு வலிப்பார்கள். படகின் பின்புறத்தில் சிறிய உருவினர் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் குரல் கொடுப்பார். இந்த வாவியிலே கொழும்புப் படகோட்டக் கழகம் தோன்றியது 1864 ஆம் ஆண்டில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1867இல், சென்னையிலே மதராஸ் படகுக் கழகம் உருவாயிற்று. இவ்விரு கழகங்களுக்கும் இடையிலான போட்டி 1898இல் தொடங்கியது.

இக்காட்சியை முதன்முதலில் கண்டபோது எனக்கு வியப்பைவிடச் சிரிப்பே வந்தது. என் ஐயா வடகடலிலே முப்பது வருடங்கள் தண்டு வலித்தவர். அவருடைய உள்ளங்கையைத் தொட்டால் காய்ந்த பனங்கொட்டையைத் தொட்டது போலிருக்கும். எங்களூரில் தண்டு வலிப்பதை விளையாட்டு என்று எவரும் சொன்னதில்லை. அது பிழைப்பு. அதைச் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள் சந்தா கட்டிப் பயிலுகிறார்கள் என்றால் சிரிப்பு வராதா?

சிரிப்பு அடங்கிய பின்னர் வேறொரு நினைவும் வந்தது. இளம் எழுதுவினைஞனாக வெளியூர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போயிருந்த காலம். அங்கிருந்த டெனிஸ் கழகமொன்றில் சேர விரும்பி, நானும் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுத்தோம். படிவத்திலே ‘தகப்பனார் தொழில்’ என்றொரு கூடு இருந்தது. நண்பர் ‘பிறக்டர்’ என்று எழுதினார். நான் ‘கடற்றொழில்’ என்று எழுதினேன். அவருக்கு ஒரு கிழமையில் கடிதம் வந்தது. எனக்கு அந்தக் கடிதம் வரவேயில்லை. என்னை எவரும் மறுக்கவில்லை, ஏசவுமில்லை. பதில்தான் வரவில்லை. அந்தக் கூடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மாத்திரம் நெடுநாள் என்னோடிருந்தது. அதற்கான விடை பின்னர் ஒரு அகராதிக்காரரின் வாழ்க்கையைப் படிக்கும்போது கிடைத்தது. அவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சிறு விளக்கம். படகோட்டத்துக்குக் கழகம் ஏன் வேண்டும்? ஓடுவதற்குக் கால் போதும், பந்தடிக்க வெறுங்காணி போதும். பந்தயப் படகு அப்படியல்ல. எட்டுப் பேர் ஓட்டும் படகு ஏறக்குறைய 17 மீற்றர் நீளமானது. அதனை ஒருவர் வாங்கவும் முடியாது, வீட்டுக் கோடியில் வைக்கவும் முடியாது. எனவே ஆற்றோரத்திலே நீளமான கொட்டகை வேண்டும். படகுகளை அடுக்கத் தாங்கிகள் வேண்டும். இறக்கி ஏற்றத் துறை வேண்டும். பலகை வெடித்தால் ஒட்டத் தச்சர் வேண்டும். எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் விழச் செய்யும் பயிற்றுவிப்பாளர் வேண்டும். இத்தனையும் பலர் சேர்ந்து பணம் போட்டாலொழிய நடவாது. ஆகவே அந்தக் கொட்டகையின் திறப்பை யார் வைத்திருக்கிறாரோ, அவரே விளையாட்டையும் வைத்திருக்கிறார் எனலாம்.

இங்கிலாந்தின் தேம்ஸ் நதியிலே துடுப்புப் பிடித்தவர்கள் முதலில் பிரபுக்கள் அல்லர். ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்த ஓடக்காரரே அவர்கள். தோமஸ் டொகற் என்ற நாடக நடிகர் ஓடக்கார இளைஞர்களுக்காக 1715இல் தொடக்கிய பந்தயம், சிவப்பு மேலங்கியும் வெள்ளி வில்லையும் பரிசாகக் கொண்டு இன்றும் நடைபெறுகிறது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தமக்குள் முதன்முதலில் போட்டியிட்டது 1829இல்தான். ஹென்லி என்ற ஊரின் புகழ்பெற்ற படகோட்டத் திருவிழா ஆரம்பமானது 1839இல். அக்காலத்துக் கனவான்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களும் இந்த ஓடக்காரர்களே.

அப்படியிருக்க, 1879இல் ஹென்லி நிர்வாகிகள் ‘அமெச்சூர்’ என்பவர் யார் என்று ஒரு வரைவிலக்கணம் வகுத்தார்கள். பணப் பரிசுக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் அல்லர். பிழைப்புக்காக இவ்விளையாட்டைப் பயிற்றுவித்தவர் அல்லர். படகுத் தொழிலில் கூலி பெற்றவர் அல்லர். இவ்வளவோடு நின்றிருந்தால் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். பந்தயம் கட்டுவோரும் சூதாட்டக்காரரும் புகுந்து பல போட்டிகளைக் கெடுத்த காலம் அது. ஆனால் அவ்வரைவிலக்கணம் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: கூலிக்கு வேலை செய்யும் கம்மியரோ, கைவினைஞரோ, தொழிலாளியோ எவராயினும் அவரும் அமெச்சூர் அல்லர்! ஒருவர் வாழ்நாளில் ஒரு காசுகூடப் பந்தயத்தில் வாங்காதவராக இருக்கலாம். தச்சுப் பட்டறையில் வேலை செய்தால் போதும், அவர் வெளியே நிற்க வேண்டியதுதான். 1882இல் உருவான அமெச்சூர் படகோட்டச் சங்கமும் இதே போக்கையே பின்பற்றியது.

இந்த விதியைக் கண்டு கொதித்தெழுந்தவர்தான் நமது அகராதிக்காரர், பிரெடரிக் ஜேம்ஸ் பேர்னிவல்.

1825இல் பிறந்த இவர் பழைய ஆங்கில இலக்கியத்துக்குச் செய்த தொண்டு சாமானியமானதன்று. ஏட்டுப் பிரதிகளாகக் கிடந்த பழைய நூல்களை அச்சேற்றுவதற்கென 1864இல் ஒரு சங்கம் நிறுவினார். சோசர் என்ற ஆதிகவிக்காக 1868இல் ஒன்று, ஷேக்ஸ்பியருக்காக 1873இல் ஒன்று எனச் சங்கம் மேல் சங்கமாகத் தொடக்கினார். நம்மவர் அறியச் சொல்வதானால், சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளுக்குச் செய்த பணியையொத்த பணி. பிற்காலத்தில் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியாக மலர்ந்த பெரு முயற்சியிலும் ஆரம்பம் முதலே பங்குகொண்டு, 1861இல் அதன் பொறுப்பையும் ஏற்றார்.

ஆனால் ஒழுங்கு என்பது இவருக்கு வாய்க்கவில்லை. 1879இல் ஜேம்ஸ் மரே பொறுப்பேற்றபோது பேர்னிவல் அனுப்பிவைத்த சொற்குறிப்புச் சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு தொன் நிறை. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி குடும்பம் நடத்தியது. சண்டை பிடிப்பதிலும் மன்னர். கவிஞர் சுவின்பேர்ணோடு ஷேக்ஸ்பியர் பற்றி மூண்ட வாதத்திலே, அவருடைய பெயரைப் பிரித்துப் ‘பன்றியோடை’ என்று பொருள்படத் திரித்து அச்சிலேயே ஏளனம் செய்தார். இல்லறத்திலும் மனைவியைப் பிரிந்தவர். எல்லா வகையிலும் பின்பற்றத்தக்கவர் என்று நான் சொல்ல வரவில்லை.

அவருக்கு இரண்டு காதல்கள் இருந்தன. ஒன்று சொல், மற்றது படகு. கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோதே ஒடுங்கிய பந்தயப் படகு கட்டியவர். 1854இல் இலண்டனிலே தொழிலாளர் கல்லூரி தொடங்கியபோது அங்கே இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். மாலையிலே படிப்பு, ஞாயிறிலே உலா. ஓய்வுநாளில் உல்லாசமா என்று கல்லூரியின் தலைவரான மொரிஸ் பாதிரியார் முகஞ்சுளித்தார். ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாம் நாளைத் தவிர வேறு நாள் ஏது என்பது பேர்னிவலின் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு அந்த வரைவிலக்கணம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமெச்சூர் என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் லத்தீன்; பொருள், நேசிப்பவர் என்பது. காசுக்காகவன்றி ஆசைக்காக ஒன்றைச் செய்பவர் எவரோ அவரே அமெச்சூர். அந்தச் சொல்லை எடுத்து, ‘கையால் உழைக்காதவர்’ என்று பொருள் பண்ணியிருக்கிறார்கள்! சொற்களின் பொருளைத் தேடித் தேடிச் சீட்டெழுதியவர் இதைப் பொறுப்பாரா? 1890இல் தேசிய அமெச்சூர் படகோட்டச் சங்கம் என்ற மாற்றுச் சங்கம் தோன்றியது. அதை உருவாக்க உழைத்தவர்களில் இவர் முக்கியமானவர். பணத்துக்காகப் போட்டியிடுவதை அச்சங்கமும் தடை செய்தது. ஆனால் கைத்தொழில் செய்வது குற்றமல்ல என்று சொன்னது.

அதோடு நின்றாரா? நிற்கவில்லை. இலண்டனில் பிரித்தானிய நூதனசாலைக்கு அண்மையில் ஒரு தேநீர்ச்சாலை இருந்தது. பேர்னிவல் நாள்தோறும் அங்கே அமர்ந்து நண்பர்களோடு உரையாடுவது வழக்கம். அங்கே தட்டேந்தி நின்ற பணிப்பெண்களைப் பார்த்தார். கடைகளிலே நாள் முழுதும் கால்கடுக்க நிற்கும் பெண்களையும் பார்த்தார். ஆண் தொழிலாளிக்காவது போராட ஒரு விதி இருந்தது. இந்தப் பெண்களைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் கிடையாது. அவர்கள் துடுப்புப் பிடிப்பார்கள் என்று எவரும் நினைக்கவேயில்லை. 1896இல், தமது 71 ஆவது வயதிலே, ஹமர்ஸ்மித் என்ற இடத்தில் பெண்களுக்கென ஒரு படகோட்டக் கழகத்தை நிறுவினார். பெண்களுக்காகத் தோன்றிய ஆரம்பகாலப் படகோட்டக் கழகங்களில் இதுவும் ஒன்று.

அங்கே பயிற்றுவிப்பாளரும் அவரே. ஞாயிறு தோறும் வெண்தாடிக் கிழவரும் தேநீர்ச்சாலைப் பெண்களும் ரிச்மண்ட் வரை ஓட்டிப் போய்த் திரும்புவார்கள். போக வர 14 மைல். இறக்கும் ஆண்டுவரை இதை அவர் விடவில்லை. 1901இல் அக்கழகம் ஆண்களுக்கும் கதவைத் திறந்தது. பெண்கள் கழகமொன்று ஆண்களைச் சேர்த்துக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1910இல் அவர் காலமானார். கழகம் இன்றும் அவர் பெயரால் அதே கரையில் இருக்கிறது. ‘வில்லோ மரங்களில் காற்று’ என்ற சிறுவர் நூலை 1908இல் எழுதிய கென்னத் கிரஹம் இவருடைய நண்பர். அக்கதையிலே படகென்றால் உயிரை விடும் நீரெலி பேர்னிவலின் சாயலே என்று சொல்வோர் உண்டு.

விதி அவரோடு சாகவில்லை. 1920இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து ஜோன் கெலி என்பவர் ஹென்லிக்கு விண்ணப்பித்தார். அவர் இளமையில் செங்கல் அடுக்கும் மேசன் வேலை செய்தவர். அவரது கழகத்தோடு ஹென்லிக்குப் பழைய பிணக்கொன்றும் இருந்தது. இரண்டையும் காரணங்காட்டி மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கிலே இங்கிலாந்தின் ஜக் பெரஸ்போர்டை ஒரே ஒரு செக்கனால் முந்தித் தங்கப் பதக்கம் பெற்றார் கெலி. அவரது மகனே 1947இல் அதே ஹென்லியில் தகப்பனுக்கு மறுக்கப்பட்ட போட்டியில் வென்றார். மகள் கிரேஸ் கெலியைத் திரைப்பட இரசிகர்கள் அறிவர்.

1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் வந்த எண்மர் அணியினர் பொலிஸ்காரர்கள். அவர்களும் உடலுழைப்பாளர் என்று கூறி ஹென்லி மறுத்தது. ஊர் நகைத்தது. அடுத்த ஆண்டு, 1937இல், உடலுழைப்புப் பற்றிய வாசகம் நீக்கப்பட்டது. இரு சங்கங்களும் ஒன்றிணைந்தது 1956இல். ஒலிம்பிக்கிலே பெண்கள் படகோட்டம் இடம்பெற்றது 1976இல். தேநீர்ச்சாலைப் பெண்கள் துடுப்பெடுத்து எண்பது ஆண்டுகள் கழித்து!

நேயர்களே, விதிகளை மாற்ற அத்தனை காலம் எடுத்தது. அந்தப் பெண்களோ விதி மாறும்வரை கரையில் காத்து நிற்கவில்லை. ஒருவர் ஒரு கொட்டகையைத் திறந்துவிட்டார். அவர்கள் படகை இறக்கினார்கள். எனக்குப் பதில் தராத கழகத்தின் படிவத்தில் இருந்த அந்தக் கூட்டின் பூர்வீகத்தை இப்போது நான் அறிவேன். அதை வரைந்தவர்கள் நம்மூரவர் அல்லர். ஆனால் அதை விடாமல் அச்சிட்டவர்கள் நாம்தான்.

ஐயா காலமாகும் முன்னர் ஒருமுறை கொழும்புக்கு வந்திருந்தார். பேரை வாவிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். பிள்ளைகள் வலித்துப் போவதைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். ஏளனமாக ஏதும் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “மூண்டாவது பொடியன் கையாலை வலிக்கிறான், தம்பி. காலாலை உன்னி வலிக்கச் சொல்லு” என்றார்.

கரையில் நின்ற பயிற்றுவிப்பாளரிடம் போய் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.