அப்பாவின் கையில் கேட்கும் சத்தம்

அப்பாவின் இடது முன்கையில் விரலை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். காதை வைத்தால் 'உஷ்' என்ற சத்தம் கேட்கும். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம் அது. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். "ஓடுதுடா" என்பார். செவ்வாய், வியாழன், சனி, நான்கு மணி நேரம். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு நாள்காட்டி இதுதான்.

பொறியியல் படித்தவன் என்பதால் என் கவனம் முதலில் இயந்திரத்தின் மேல்தான் போனது. 1943இல், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், காம்பன் நகரத்து மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் அதைக் கட்டினார். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. சாசேஜ் உறைக்குப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டார். ரத்தத்தின் கழிவு உறையைத் தாண்டி நீரில் கலக்கும். அடிப்படை இன்றும் அதேதான். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால், அவர் பிழைத்ததற்குக் காரணம் அவருடைய சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. அப்பாவைப் போல நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு அந்த இயந்திரம் உதவவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் வெட்ட இடமே இருக்காது. இயந்திரம் இருந்தது, உடம்புக்குள் போக வாசல் இல்லை.

அந்த வாசல் 1960 மார்ச்சில்தான் கிடைத்தது. சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்ளான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார். ஷீல்ட்ஸ் 1971 வரை வாழ்ந்தார். நாள்பட்ட சிறுநீரக நோயோடு 'வாழ்வது' என்பது அன்று தொடங்கியது. 1965இல் நியூயார்க் மருத்துவர்கள் குழாயே இல்லாமல் நோயாளியின் சொந்த ரத்தக்குழாய்களை இணைத்தார்கள். அப்பாவின் கையில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

இடையில் ஒன்று நடந்தது. சியாட்டிலில் இயந்திரம் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். வருமானம், குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதுவரை பார்த்தார்கள். 1962இல் 'லைஃப்' இதழ் இதை எழுதியபோது பெரிய விவாதமானது. சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் செலவைச் சொக்சோ ஏற்கிறது, யாரும் அவரைத் தேர்வு செய்யவில்லை. ஆனால், வீட்டில் நான்தான் அளவுக் கோப்பையோடு நிற்கிறேன். எடை ஒன்றரைக் கிலோ ஏறினால், "என்ன குடிச்சீங்க?" என்று விசாரிக்கிறேன். பாவம், அவர் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

மறுநாள் அந்தக் குழுவைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஏழு பேருல ஒருத்தருக்காவது தண்ணி தாகம்னா என்னன்னு தெரிஞ்சிருக்குமாடா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குத் தே ஓ கலக்கும்போது கோப்பையின் கோட்டைப் பார்க்காமல் ஊற்றினேன். அவரே பாதியில் கிளாஸை நகர்த்தி வைத்தார். "போதும்டா, சனிக்கிழமை ஏறிடும்" என்றார்.