ஏர்க் குதிரைக்கு ஒரு நீதி, சவாரிக் குதிரைக்கு ஒரு நீதி

இங்கிலாந்தில் ஐந்து ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பண்ணை வைத்திருக்கும் விவசாயி, வேளாண்மைக்குத் தேவை என்று காட்டினால் போதும், 1500 சதுர மீட்டர் தகரக் கொட்டகையை வழக்கமான திட்ட அனுமதி இல்லாமலே எழுப்பிவிடலாம். 2018 வரை இந்த வரம்பு 465 சதுர மீட்டராக இருந்தது. அந்த ஆண்டு 1000 ஆகவும், 2024-இல் 1500 ஆகவும் உயர்த்தினார்கள். உள்ளூர் மன்றத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், இடத்தையும் தோற்றத்தையும் பற்றி மன்றம் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அதே வேலிக்கு அப்பால் இரண்டு ஏக்கர் புல்வெளியை வாங்கி, தன் குதிரைக்கும் மகளின் மட்டக்குதிரைக்குமாக இரண்டு அறை கொண்ட மர லாயம் கட்ட நினைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் ஒரு குதிரைக்குப் பரிந்துரைக்கும் அறை பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு அறை சேர்ந்தாலும் 27 சதுர மீட்டர்தான். அதற்கு வரைபடம் கொடுத்து, கட்டணம் செலுத்தி முழு விண்ணப்பம் போட வேண்டும். லத்தியை எங்கே குவிப்பார், வண்டி எந்த வழியாக வரும், இரவில் விளக்கு எரியுமா என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நகரங்களைச் சுற்றிக் கட்டடம் கட்டுப்படுத்தப்பட்ட பசுமை வளையத்திலோ தேசியப் பூங்காவிலோ நிலம் இருந்தால் கேள்விகள் இன்னும் கடுமையாகும். இந்த ஏற்றத்தாழ்வை நிலக்காட்சியின் பெயரால் நியாயப்படுத்துகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அது நிலக்காட்சியிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. உழைக்கும் குதிரை வேறு, உல்லாசக் குதிரை வேறு என்று பழைய வரிச்சட்டம் போட்ட கோட்டை, போர்க்காலத்தில் உணவுக்கு அஞ்சிய ஒரு தலைமுறை நிலச்சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. லாயத்துக்கு அனுமதி கேட்கச் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் காரணம்தான் செத்துப்போய் வெகுநாளாகிறது.

கோட்டின் தொடக்கம் 1784. அமெரிக்க விடுதலைப் போர் வைத்துவிட்டுப் போன கடனைச் சமாளிக்கப் பிரதமர் இளைய வில்லியம் பிட் குதிரைகளுக்கு வரி போட்டார். ஏறிச் செல்லும் குதிரைக்கும் உல்லாச வண்டி இழுக்கும் குதிரைக்கும் மட்டுமே அந்த வரி. ஏர் இழுப்பதற்கு இல்லை. பிரான்சோடு போர் மூண்டு கஜானா மீண்டும் வறண்டபோது, 1796-இல் பண்ணைக் குதிரையும் வரிக்குள் வந்தது, ஆனால் குறைந்த விகிதத்தில். ஒரே இனம், ஒரே தீனி. செய்யும் வேலையைப் பார்த்துத்தான் அரசு அதை எடைபோட்டது. உள்ளாட்சி வரியிலும் இதே பார்வை தொடர்ந்தது. 1929-இல் வேளாண் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் முழு விலக்குக் கிடைத்தபோது பொழுதுபோக்கு லாயம் வெளியே நின்றது. 1988-இல் விட்ஸ்பரி குதிரைப் பண்ணை வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. பந்தயக் குதிரைகளை இனவிருத்தி செய்யும் கட்டடம் வேளாண் கட்டடம் ஆகாது, உணவுக்கோ கம்பளிக்கோ நிலத்தை உழுவதற்கோ வளர்க்கும் பிராணிதான் கால்நடை என்று தீர்ப்பானது. நாடாளுமன்றம் பின்னர் அத்தகைய பண்ணைகளுக்கு ஓரளவு சலுகை கொடுத்துச் சமாதானம் செய்தது. வரையறையின் மேல் கை வைக்கவில்லை.

குதிரை நாட்டுப்புறத்துக்கே உரியது, அதன் லாயத்துக்கு எதற்கு அனுமதி என்று விண்ணப்பதாரர்கள் கேட்பதுண்டு. மனத்துக்கு இதமான வாதம். வரலாறு அதற்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. விக்டோரிய சமூகமே குதிரை இழுத்த சமூகம் என்று எழுதிய வரலாற்றாசிரியர் எஃப். எம். எல். தாம்சன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் சுமார் 33 லட்சம் குதிரைகள் இருந்ததாக மதிப்பிட்டார். அவற்றில் கணிசமான பகுதி நகரத் தெருக்களில் டிராமும் பாரவண்டியும் வாடகை வண்டியும் இழுத்தவை. நாட்டுப்புறத்தில் இருந்தவையும் வயலின் மூலையில் தனியாகக் குடியிருக்கவில்லை. ஏர்க் குதிரை பண்ணை முற்றத்தில், மாட்டுக் கொட்டிலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே கட்டப்பட்டிருந்தது. கனவானின் குதிரை மாளிகையை ஒட்டி நின்றது. சாட்ஸ்வொர்த்தில் ஜேம்ஸ் பெய்ன் கட்டிய லாயம் ஓர் அரண்மனை என்றே சொல்லத்தக்கது. பிரைட்டனில் பட்டத்து இளவரசருக்காக எழுப்பிய குவிமாட லாயத்தில் இன்று இசைக் கச்சேரி நடக்கிறது. வயல் நடுவே மரப்பலகையில் இரண்டு அறை, பக்கத்தில் ஒரு இழுவண்டி என்ற காட்சி பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. அதற்குப் பழம்பெருமை கொண்டாட முடியாது.

நிலத் திட்டச் சட்டத்தை இயற்றியவர்கள் அஞ்சியது குதிரைக்கல்ல, கொட்டகைக்கு. 1870-களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை வந்து குவிய, இங்கிலாந்தில் விளைநிலத்தின் விலை சரிந்தது. எசெக்ஸிலும் சசெக்ஸிலும் பண்ணைகளைத் துண்டுபோட்டு விற்றார்கள். லண்டனின் எளிய குடும்பங்கள் அங்கே போய்ப் பழைய ரயில் பெட்டியையும் பலகைக் குடிலையும் நிறுத்தி, வார இறுதி வீடாக்கிக்கொண்டன. கடற்கரைப் பாறைமேல் பீஸ்ஹேவன் முளைத்தது. மேட்டுக்குடி ரசனை இதைப் பார்த்துக் கொதித்தது. 1926-இல் நாட்டுப்புறப் பாதுகாப்புக்கென்று ஒரு மன்றம் உருவானது. இரண்டாண்டு கழித்துக் கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் நகரத்தை ஆக்டோபஸாகச் சித்திரித்துப் புத்தகமே எழுதினார். 1935-இல் சாலையோரக் கட்டடங்களைத் தடுக்கும் சட்டம், 1938-இல் லண்டனைச் சுற்றிய பசுமை வளையச் சட்டம். இந்த வெறுப்பில் வர்க்கத் திமிர் நிறையவே கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழைத் தொழிலாளி வயலில் போட்ட குடிசையைத் துரத்தப் பழகிய கண்தான் பின்னால் அதே வயலில் போட்ட லாயத்தையும் பார்த்தது.

ஆனாலும் ரசனை மட்டும் சட்டமாகியிருக்காது. அதற்குப் போர் வேண்டியிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த 1942-இல், நீதிபதி ஸ்காட் தலைமையிலான குழு கிராமப்புற நிலப் பயன்பாட்டைப் பற்றி அறிக்கை தந்தது. நாட்டுப்புறத்தின் அழகை உண்டாக்கியது விவசாயம், அதைக் காப்பாற்றப் போவதும் விவசாயம்தான், ஆகவே நிலத்தின்மேல் முதல் உரிமை அதற்கே என்பது அதன் சாரம். புவியியலாளர் டட்லி ஸ்டாம்ப் அதன் துணைத்தலைவர். குழுவில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. பொருளியலாளர் எஸ். ஆர். டென்னிசன் தனி அறிக்கை எழுதினார்: விவசாயம் செழித்தால் நிலக்காட்சி தானாக வாழும் என்பதற்கு உத்தரவாதமில்லை, காட்சிதான் வேண்டுமென்றால் காட்சிக்காகவே விவசாயிக்குக் காசு கொடுங்கள். அன்று அவரைக் கேட்பாரில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நவீன வேளாண்மை உயிர்வேலிகளைப் பிடுங்கிப் பூவெளிகளை உழுதுபோட்டது. அதை வைத்துப் பார்த்தால் அந்தக் குழுவில் கண் திறந்திருந்தவர் டென்னிசன்தான் என்பேன்.

ஸ்காட்டின் நம்பிக்கை 1947-ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் இறங்கியது. 1948 ஜூலை முதல் நாளிலிருந்து நிலத்தில் எதைக் கட்டவும், பயன்பாட்டைக் கணிசமாக மாற்றவும் அனுமதி வேண்டும். ஆனால் நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது இந்தக் கணக்கில் சேராது. ஆக, எது விவசாயம் என்பதில் எல்லாம் தங்கிவிட்டது. உணவுக்கும் கம்பளிக்கும் தோலுக்கும் வளர்க்கும் பிராணி, நிலத்தில் வேலை வாங்க வளர்க்கும் பிராணி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைச் சட்டம் விவசாயம் என்றது. ஏர்க் குதிரை உள்ளே வந்துவிட்டது, சவாரிக் குதிரைக்கு இடமில்லை. பிட்டின் கோடு அப்படியே. இதற்கு ஓராண்டு முன்புதான் கவென்ட்ரியில் ஃபெர்குசனின் சிறிய சாம்பல்நிற டிராக்டர் உற்பத்தியாகத் தொடங்கியிருந்தது. சட்டம் விவசாயி என்று ஒப்புக்கொண்ட குதிரைகள் சில ஆண்டுகளிலேயே கூட்டம் கூட்டமாக இறைச்சிக்கூடம் போயின. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் உருவானதும் 1947-இல்தான். பத்து, பதினைந்து ஆண்டுகளில் நாட்டுப்புறத்தில் எஞ்சிய குதிரைகளில் பெரும்பாலானவை, எந்த வகைக்குச் சட்டம் கதவைச் சாத்தியதோ அந்த வகை.

பிறகு நீதிமன்றங்கள் இந்த இடைவெளியில் ஒட்டுப்போட்டு வந்தன. தாண்டும் போட்டிக்குக் குதிரையை வளர்த்துப் பழக்குவது விவசாயம் ஆகாது என்று 1962-இல் பெல்மாண்ட் பண்ணை வழக்கில் முடிவானது. மேய்ச்சல் மட்டும் வரையறைக்குள் இருந்ததால், 1981-இல் சைக்ஸ் வழக்கு அந்த நூலைப் பிடித்தது: குதிரை அந்த நிலத்துப் புல்லைத் தின்று பிழைக்கவே அங்கே விடப்பட்டிருந்தால் நிலம் மேய்ச்சல் நிலம், தீனி வெளியிலிருந்து வர, ஓடியாட மட்டும் விடப்பட்டிருந்தால் அது பயன்பாட்டு மாற்றம். நல்ல புல்வெளியிலேயே ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் தேவை. அரை ஏக்கரில் மூன்று குதிரை நின்றால் வாதாட ஒன்றுமில்லை. அதனால் சோதனைக்கு வரும் அலுவலர் உலர்புல் தொட்டியையும், குதிரையின் முதுகில் கிடக்கும் போர்வையையும், வயலில் நிற்கும் தாண்டுகட்டைகளையும் குறித்துக்கொள்கிறார். நிலக்காட்சியைக் காக்கப் போன சட்டம் குதிரையின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்தது. சறுக்குக் கட்டையில் நிற்கும், டிராக்டரால் இழுத்து நகர்த்தக்கூடிய நிழற்கொட்டகை கட்டடமே இல்லை என்பது இன்னொரு பிரபல வழி. அளவு, நிலைத்திருத்தல், நிலத்தோடு உள்ள பிணைப்பு என்ற மூன்றையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2012-இல் பாத் அருகே வூலி பள்ளத்தாக்கில் சறுக்குக் கட்டைமேல் நின்ற கோழிக் கூண்டுகள் கட்டடமாக இருக்கக்கூடும் என்று தீர்ப்பு வந்தபின் அந்த வழியும் குறுகியது.

பசுமை வளையத்தின் கதை இதைவிடக் குழப்பம். 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்ட்ஸ் அனுப்பிய சுற்றறிக்கை, வளையத்துக்குள் விவசாயத்தோடு விளையாட்டையும் இடுகாட்டையும் அனுமதித்தது. 1995 வழிகாட்டி திறந்தவெளி விளையாட்டுக்கான சிறு லாயங்களைப் பெயர் சொல்லியே ஏற்றது. 2012-இல் வந்த தேசியக் கொள்கை அந்தப் பெயரை விட்டுவிட்டது, நிலத்தின் பயன்பாட்டு மாற்றத்தையும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க மறந்தது. கெட்லிங் மன்றம் சம்பந்தப்பட்ட ஓர் இடுகாட்டு வழக்கில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எழுத்துப்படியே எடுத்துக்கொள்ள, லாயக் கட்டடம் பொருத்தமானதாகவும், அதைச் சுற்றிய வயலில் குதிரை வைத்திருப்பது பொருத்தமற்றதாகவும் ஆகும் கூத்து நேர்ந்தது. 2018-இல் திருத்தினார்கள்.

பணக்காரர் பொழுதுபோக்குக்கு இவ்வளவு அக்கறை எதற்கு, மொத்தமாக மறுத்துவிடலாமே என்று சொல்பவர்களும் உண்டு. சொந்தக் குதிரை வைத்திருப்பவரெல்லாம் சீமான் அல்ல. கூலி வேலை செய்து மட்டக்குதிரைக்குத் தீனி வாங்குபவரும் இருக்கிறார். பெருந்தோட்டத்து மாளிகைக்காரருக்கு வீட்டு வளாகத்துக்குள்ளேயே லாயம் கட்டச் சட்டத்தில் ஓரளவு வழி இருக்கிறது. வாடகை வயல்காரருக்குத்தான் அது இல்லை. அப்படியானால் கட்டுப்பாட்டையே எடுத்துவிடலாமா? அதற்கும் நான் ஒப்பமாட்டேன். பரந்த வயலை வெள்ளை மின்நாடாவால் சிறு சதுரங்களாக வெட்டி, குளம்பு மிதித்துச் சேறாக்கி, மணல் திடலும் விளக்குக் கம்பமும் போட்டால் நாட்டுப்புறம் உண்மையாகவே மாறிப்போகிறது. நியூ ஃபாரஸ்டில் சேதம் கண்ணுக்குத் தெரிவதையும் தாண்டியது. அங்கே திறந்த காட்டில் மட்டக்குதிரை மேய்க்கும் பொதுமேய்ச்சல் உரிமைக்காரருக்குக் காட்டுக்கு வெளியே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும், நோயுற்ற பிராணியைப் பிரித்து வைக்கவும் குளிர்காலத் தீனிக்கும். பொழுதுபோக்குக் குதிரைக்காரர் கொடுக்கும் விலைக்கு அவரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. குதிரைக்கும் குதிரைக்கும் நடக்கும் இந்தப் போட்டியைத் தீர்க்க மன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். நிலம் துண்டாவதையும் விலை ஏறுவதையும் பார்த்து அனுமதி கொடுக்கட்டும், மறுக்கட்டும். உழும் குதிரையா இல்லையா என்ற கேள்விக்கு இனி அங்கே வேலையில்லை.

அந்தக் கேள்வியை விட்டுவைத்ததன் விலை இப்போதுதான் தெரிகிறது. ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தில் மறுபடி கட்டுவதற்கு இங்கிலாந்தின் கொள்கை இளகிய மனம் காட்டுகிறது. வேளாண் கட்டடம் நின்ற நிலத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறார்கள், பண்ணைகள் வீட்டுமனை ஆகக் கூடாதென்று. லாயமோ சட்டப்படி விவசாயம் இல்லை. ஆகவே முறையாக அனுமதி பெற்ற நிரந்தர லாயம் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது, பசுமை வளையத்திலும்கூட. எந்த வரையறை லாயத்தை வாசலில் தடுத்ததோ அதுவே உள்ளே வந்த லாயத்துக்கு வீடாகும் தகுதியைக் கொடுக்கிறது. மன்றங்கள் இரண்டு அறைக்கு இத்தனை கேள்வி கேட்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். வெல்வின் ஹாட்ஃபீல்ட் பகுதியில் உலர்புல் களஞ்சியத்துக்கு அனுமதி வாங்கி, வெளித்தோற்றம் களஞ்சியமாகவும் உள்ளே முழு வீடாகவும் கட்டிக் குடியிருந்தவரின் தந்திரத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் முறியடித்தது இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சில மன்றங்கள் அனுமதியோடு ஒரு நிபந்தனை சேர்க்கின்றன: குதிரை வைத்திருப்பது நின்றதும் லாயத்தைப் பிரித்தெடுத்து நிலத்தைப் புல்லாக்கிவிட வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வாடகைக் குதிரை கூடாது என்ற நிபந்தனையைவிட எனக்கு இதுவே உருப்படியானதாகப் படுகிறது. குதிரை யாருடையது, எதற்கு என்று அது கேட்பதில்லை, கட்டடம் எத்தனை நாள் நிற்கும் என்று மட்டுமே கேட்கிறது.