வயிற்றில் பட்ட அம்பு

நாவல் எழுதுகிறவர்களுக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு. நாம் எழுதியதைப் படித்து உலகம் ஓர் அங்குலமாவது நகர வேண்டும் என்பதுதான் அது. என் கதைகளைப் படித்து உலகம் நகர்ந்ததாக இதுவரை தகவல் இல்லை. வாசகர்கள் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்ததுதான் மிச்சம்.

ஆனால் ஒரு நாவலைப் படித்து ஒரு பெரிய தேசத்தின் சர்க்காரே பதறி எழுந்து சட்டம் இயற்றியது உண்டு. அப்படியும் அதை எழுதியவருக்கு மனம் நிறையவில்லை. அந்த விசித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் அப்டன் சிங்க்ளேர். அமெரிக்கர். 1904-ஆம் வருஷம் சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து தோற்றுப் போனார்கள். அந்தத் தொழிலாளர்களின் வாழ்வைக் கதையாக எழுதும்படி ஒரு சோஷலிஸ்டுப் பத்திரிகை அவருக்கு 500 டாலர் முன்பணம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 26. பழைய உடையை மாட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அதே கோலத்தில் போய் வரும் இடம், 'நீ யார்?' என்று கேட்பாரில்லை. ஏழு வாரம் சுற்றிப் பார்த்தார்.

அவர் எழுதிய 'ஜங்கிள்' 1905-ல் தொடர்கதையாக வந்து, 1906 பிப்ரவரியில் புத்தகமாயிற்று. கதாநாயகன் யூர்கிஸ், லிதுவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த வாலிபன். எந்தக் கஷ்டத்தையும் கூடக் கொஞ்சம் உழைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவன். அவனுடைய கிழத் தகப்பனாருக்கு, இறைச்சியை மருந்து நீரில் ஊறப்போடும் அறையில் வேலை. அந்த நீர் முதலில் அவர் காலணியைத் தின்கிறது. பிறகு காலைத் தின்கிறது. யூர்கிஸின் மனைவி பிரசவத்தில் போகிறாள். தெருவில் தேங்கிய தண்ணீரில் குழந்தை மூழ்கிப் போகிறது.

இந்தப் புத்தகத்தை வாலிப வயதில் ஒரே மூச்சில் படித்தேன். மாமிசமே தொடாத எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "என்னடா, ரசம் நன்றாயில்லையா?" என்று அம்மா கேட்டாள். செத்த எலியும், அதற்கு வைத்த விஷமும் இறைச்சியோடு சேர்ந்து அரைபட்ட கதையை அம்மாவிடம் சொன்னேன், நண்பர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். யூர்கிஸைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பெரிய நாவலில் எலியும் அழுகலும் வருவது சில பக்கங்களே. மற்றதெல்லாம் மனிதர்கள்தாம்.

அமெரிக்காவும் என்னைப் போலத்தான் படித்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் உண்மையை அறிந்து வர நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பினார். இறைச்சியை அழுக்குத் தரையிலிருந்து மண்வெட்டியால் அள்ளுகிறார்கள், தொழிலாளர்கள் துப்பிய எச்சில் அதில் கலக்கிறது என்று அவர்கள் வந்து சொன்னார்கள். 1906 ஜூன் 30-ந் தேதி ஒரே நாளில் இரண்டு சட்டங்கள் கையெழுத்தாயின. ஒன்று இறைச்சிச் சோதனைச் சட்டம். மற்றொன்று உணவிலும் மருந்திலும் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம். சோதனைச் செலவுக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்தே வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். புத்தகம் வெளியாகி நாலே மாதம்!

நல்ல சட்டங்கள்தாம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் எச்சில் இறைச்சியில் விழக்கூடாது என்று கவலைப்பட்டவர்கள், அப்படி இருமித் துப்பும்படி அந்த மனிதனுக்கு என்ன வந்தது என்று கவலைப்படவில்லை. ஜனங்களின் நெஞ்சுக்கு வைத்த குறி தவறி அவர்கள் வயிற்றில் பட்டுவிட்டது என்று சிங்க்ளேரே பின்னால் வருத்தப்பட்டுக்கொண்டார்.

தொழிலாளியின் முறை எப்போது வந்தது? சிகாகோ இறைச்சித் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை நாள், முதல் உலக யுத்தத்தின்போது, 1918-ல் ஒரு நீதிபதி அளித்த நடுவர் தீர்ப்பாக வந்தது. வேலை செய்யும் இடத்தில் உயிருக்கும் உடம்புக்கும் பாதுகாப்புத் தர, தேசம் முழுமைக்கும் பொதுவான சட்டம் 1970 டிசம்பரில்தான் வந்தது. இறைச்சிக்கு நாலு மாதம்; அதை வெட்டிய மனிதனுக்கு 64 வருஷம்.

இடையே 1967-ல் இறைச்சிச் சோதனையை மேலும் விரிவாக்கி ஒரு சட்டம் செய்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் அதில் கையெழுத்திட்டபோது, 89 வயதுக் கிழவரான சிங்க்ளேரை அழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மரியாதைதான். ஆனால் அப்போதும் இறைச்சிக்காகவே அழைத்தார்கள்! மறு வருஷம் அவர் காலமானார். தொழிலாளிக்கான சட்டத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, அமெரிக்க இறைச்சித் தொழிற்சாலைகளில் தோளோடு தோள் உரச நின்று வேலை செய்தவர்கள் கூட்டங் கூட்டமாகப் படுத்தார்கள். அவர்களிலும் பலர் யூர்கிஸைப் போலப் பிற தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சில ஆலைகள் மூடின. கடைகளில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற பயம் எழுந்தது. ஆலைகள் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று ஏப்ரல் 28-ந் தேதி ஜனாதிபதி உத்தரவு பிறந்தது. ஐந்து பெரிய கம்பெனிகளில் மட்டும், முதல் ஒரு வருஷத்தில் குறைந்தது 59,000 தொழிலாளர்களுக்கு நோய் கண்டது, 269 பேர் இறந்தார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று கணக்குச் சொல்லிற்று.

இது யார் குற்றம்? சர்க்காரை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் இலைக்கு ஆபத்து என்றால் எழுந்து நிற்கிறோம். இலையில் பரிமாறப்படுவதை உண்டாக்கியவனுக்கு ஆபத்து என்றால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம். நானே அப்படித்தானே படித்தேன்?

இப்போதெல்லாம் யாராவது அந்த நாவலைப் பற்றிக் கேட்டால் எலியைப் பற்றிச் சொல்வதில்லை. "யூர்கிஸ் என்று ஒருவன் இருந்தான்" என்று தொடங்குகிறேன். பாதியில் சிலர் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.