சிறுவர் வார்டும் தோட்டத்து லயமும்

நமது பாடசாலை நூறாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், அதே காலத்தில் இந்நாட்டில் வளர்ந்த குழந்தை மருத்துவத்தின் வரலாற்றையும் நினைவுகூர்வது பொருத்தமாகும். மலையகத்தில் பிறந்த நம் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையை அறியாதோர் இல்லை. ஆனால் குழந்தை மருத்துவம் பல்கலைக்கழகத்தில் தனித்துறையாக நிலைபெற்றது, 1949இல் வைத்தியர் சி. சி. டி சில்வா அதன் முதற் பேராசிரியரான பின்னரே. சிகிச்சை, போதனை, ஆய்வு ஆகிய மூன்றையும் அவர் ஒருசேர நடத்தினார். வார்டில் அவர் கண்ட பிள்ளைகள் பலரின் நோய்க்கு வேர் போஷாக்கின்மை. வெப்பமண்டல நாடுகளில் சிசுக்களையும் சிறுவர்களையும் தாக்கும் போஷாக்கு நோய்கள் குறித்து, என். ஜி. பப்டிஸ்ட் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. அவருக்குப் பின் அத்துறையின் பேராசிரியரானவர் பிரியானி சொய்சா. குழந்தை மருத்துவத்தில் அப்பதவியை அடைந்த முதல் இலங்கைப் பெண் அவரே.

இவர்களின் துறை கற்பித்த பாடம் எளியது. போஷாக்குக் குறைந்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் எளிதில் வரும். வந்தால் உடல் மேலும் மெலியும். மெலிந்த உடலை அடுத்த நோய் பற்றும். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாலும், அங்கே சோறும் சுத்தமான தண்ணீரும் இல்லையென்றால் பிள்ளை மீண்டும் வார்டுக்கே வரும்.

இது தோட்டத்து லயங்களுக்கு மிகவும் பொருந்தியது. இரத்தச்சோகையோடு கொழுந்து பறிக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தது. விடிந்ததும் அதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் மலைக்கு ஏறினாள். உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பயிரிடச் சொந்தக் காணியில்லாத இக்குடும்பங்களே முதலில் பட்டினி கிடந்தன. 1974இல் நாடு முழுவதிலும் ஆயிரம் குழந்தைகளுக்கு 51 பேர் ஒரு வயது நிறையுமுன் இறந்தனர். தோட்டங்களில் அத்தொகை 144.

அந்த மரணங்கள் இன்று பெரிதும் குறைந்துவிட்டன. தடுப்பூசியும் கிளினிக்கும் வீடு தேடிவரும் மருத்துவமாதும் செய்த பணி அது. ஆயினும் இடைவெளி மறையவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம்.

இப்பாடசாலையின் பழைய மாணவியர் இன்று ஆசிரியைகளாக, தாதியராக, வைத்தியர்களாகப் பல திசைகளில் இருக்கின்றோம். உயரம் குறைந்த அந்தப் பிள்ளைகள் நாளை இதே வகுப்பறைகளுக்கு வரப்போகின்றவர்கள். அவர்களின் காலை உணவைப் பற்றியும், தாய்மாரின் இரத்தச்சோகையைப் பற்றியும் நம் சங்கம் அடுத்த நூற்றாண்டின் முதற் கூட்டத்திலேயே பேசத் தொடங்கலாம்.