கண் காணாத ஒளி காட்டிய படம்

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், முப்பட்டகக் கண்ணாடி பிரித்த சூரிய ஒளியில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. அகச்சிவப்புக் கதிர் அவ்வாறுதான் அறியப்பட்டது.

ஒவ்வொரு பொருளும் இக்கதிரைத் தனக்கே உரிய அளவில் ஈர்த்துக்கொள்ளும். அந்த அடையாளமே நிறமாலை. 1905இல் அமெரிக்கரான கோப்லென்ட்ஸ் பல பொருள்களின் நிறமாலைகளை வெளியிட்டார். 1990களில் வந்த கருவிகளோ, ஒரு திசுத்துண்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் நிறமாலைகளை ஒருசேரப் பதிவு செய்தன. இத்தனையையும் யார் படிப்பது?

1963இல் ஜோ வார்ட் வகுத்த படிநிலைத் தொகுப்பு முறை கைகொடுத்தது. மிகவும் ஒத்த இரு நிறமாலைகளை முதலில் இணைப்பர். பிறகு குழுவோடு குழுவைச் சேர்ப்பர். முடிவில் கிளைகள் கூடி ஒரு மரமாகும். மரத்தை ஒரு மட்டத்தில் வெட்டி, குழுவுக்கு ஒரு வண்ணம் தீட்டினால் படம் கிடைக்கும். 2004இல் வெளியான பெருங்குடல் புற்றுநோய் ஆய்வொன்றில், ஒப்பிடப்பட்ட மூன்று முறைகளுள் இதுவே திசுக்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

ஆயினும் எந்த வண்ணம் நோய் என்று கணினி சொல்லாது. மரத்தை எங்கே வெட்டுவது என்பதும் மனிதர் முடிவே. குழுக்கள் குறைந்தால், நோயுற்ற திசு நல்ல திசுவோடு கலந்து மறைந்துவிடலாம். ஆகவே, சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் கண்டறிந்த மருத்துவரே அந்த வண்ணங்களுக்குப் பொருள் கூற வேண்டும்.