மொழித் துணையாசிரியர் (பிரான்ஸ்)

பிரான்ஸ் தேசத்துப் பள்ளிகளில் அயல்மொழிப் பேச்சைப் பிள்ளைகளின் செவிக்கும் நாவிற்கும் பழக்கும்பொருட்டு, அம்மொழியில் சரளமுடைய அயல்நாட்டு இளைஞர் சில மாத காலத்துக்கு நியமிக்கப்பெறும் பதவி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனோடு ஏற்பட்ட பரிவர்த்தனையாகத் தோன்றிய இம்முறையை, பாரிஸை அடுத்த செவ்ர் நகரிலுள்ள பிரான்ஸ் எதுக்காசியோன் இன்டர்நாசியோனால் ஸ்தாபனம் இப்போது நிர்வகிக்கிறது.

அப்பள்ளிகளுள் ஆரம்பப் பள்ளி 6 முதல் 11 வயது வரையினருக்கு உரியது. முதல் வகுப்பிலேயே அயல்மொழி கட்டாயம். வாரத்துக்கு 12 மணி நேரமாக, பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, பாட்டு, விளையாட்டு, படம், கதை ஆகியவற்றால் பேச்சைப் பயிற்றுவதே துணையாசிரியரின் கடமை. வகுப்பின் பொறுப்பும் மதிப்பீடும் வகுப்பாசிரியரையே சாரும். ஆங்கிலத்துக்கென நியமிக்கப்பெறுபவராயினும், ஆங்கிலமறியாக் குழந்தைகளிடையே புழங்கவேண்டியிருத்தலின் பிரெஞ்சு ஞானம் இன்றியமையாதது. ஒருவரே இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சென்றுவருவதும், சிற்றூர்களில் வசிக்க நேர்வதும் சகஜம்.

இந்தியாவில் பிரெஞ்சு பயில்வோர் ஆங்கிலத் துணையாசிரியராக விண்ணப்பிக்கலாம். சென்னையில் இதற்கான மொழிப் பயிற்சிக்குரிய முக்கிய நிலையம், 1953-இல் நிறுவப்பெற்று நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரப் பள்ளிகளிலும் பிரெஞ்சு கற்பிக்கப்படுகிறது; மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகவே அதனை எடுப்போர் பலராதலின், அக்கல்வி மட்டும் இப்பணிக்குப் போதாது. நியமனம் தற்காலிகமானது; பிரான்சில் நிரந்தர ஆசிரியராவதற்குத் தனிப் போட்டித் தேர்வில் தேறவேண்டும்.