பொருத்தமும் பொருந்தாமையும்: கடாரத் தமிழர் மணத்துணை தேடிய வரலாறு

திருமணம் பேசும் வீட்டில் பொருத்தம் என்ற சொல் அடிக்கடி ஒலிக்கும். பொருந்தாமை என்ற சொல்லை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை. "பார்த்துச் சொல்கிறோம்" என்று கூறி எழுந்து செல்வதே நம்மவர் வழக்கம். ஆயினும் ஒரு சமுதாயம் எவற்றை விரும்பியது என்பதைக் காட்டிலும், எவற்றைக் கண்டு முகம் திருப்பியது என்பதே அதன் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும்.

இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் இளைஞர் பலர் கைப்பேசித் திரையில் துணை தேடுகின்றனர். ஒரு படம், சில வரிக் குறிப்பு, பெருவிரலின் ஓர் அசைவு. அவ்வளவில் ஒருவர் விலக்கப்பட்டு விடுகிறார். எதனைக் கண்டு விலக்குகின்றனர்? முன்னோர் எதனைக் கண்டு விலக்கினர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணப் புகுவோர், முதற்கண் தமிழின் பழைய இலக்கணத்தையே அணுகுதல் வேண்டும்.

இலக்கணம் வகுத்த இரு பட்டியல்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். அதன் இறுதிப் பகுதியில் இரண்டு நூற்பாக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது, தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவற்றைப் பத்தாக வகுக்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு முதலியன அவற்றுள் அடங்கும். நிறை, அருள், உணர்வு என்னும் உள்ளப் பண்புகளும் அடங்கும். இந்நூற்பா வகுப்பறைகளில் நன்கு பயிலப்படுவது.

பின்னது, அவ்விருவரிடத்தும் இருத்தலாகாத குற்றங்களைத் தொகுக்கிறது. பொறாமை எனப் பொருள்படும் நிம்பிரி அதில் முதலிடம் பெறுகிறது. கொடுமையும் கடுஞ்சொல்லும், புறங்கூறலும் சோம்பலும், கடைப்பிடியின்மையும் மறதியும் உடன் எண்ணப்படுகின்றன. தன்னைத் தானே வியந்து கொள்ளுதலும், ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டு நோக்குதலும் குற்றங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. ஏழைமை என்றொரு சொல்லும் அங்கு வருகிறது. அது வறுமையைக் குறிப்பதன்று. அறியாமையாகிய பேதைமையைக் குறிப்பது. இதனை மாணவர்க்குத் தெளிவுபடுத்தாவிடின், வறியவரை விலக்கச் சொல்லிற்று இலக்கணம் என்ற தவறான கருத்து வேரூன்றி விடும்.

இவற்றுட் பலவற்றை வள்ளுவரும் தனித்தனி அதிகாரங்களில் ஆராய்ந்துள்ளார். அழுக்காறாமை 17ஆம் அதிகாரம். புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். பொச்சாவாமை 54ஆம் அதிகாரம். மடியின்மை 61ஆம் அதிகாரம். பேதைமை 84ஆம் அதிகாரம்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. முதற் பட்டியலில் குடிமை பொருத்தமாக எண்ணப்படுகிறது. இரண்டாம் பட்டியலிலோ, குடிமை இன்புறல், அஃதாவது தன் குடிப்பிறப்பை எண்ணியெண்ணித் தானே மகிழ்தல், குற்றமாக எண்ணப்படுகிறது. நற்குடியிற் பிறத்தல் வேறு. அதனைச் சொல்லிப் பெருமை பேசுதல் வேறு. விலக்கத்தக்கவை இவை எனத் தொகுத்த இரண்டாம் நூற்பாவில் நிறம் இல்லை, ஊர் இல்லை, தொழில் இல்லை, பொருளின்மையும் இல்லை. உள்ளவை அனைத்தும் மனமும் ஒழுக்கமும் பற்றியவை.

லயத்து வாழ்வில் மறைவு இல்லை

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு கெடாவின் தோட்டப்புறத்திற்கு வருவோம். 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையினின்றும் நீங்கி ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதன்பின் ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. கங்காணிமார் தத்தம் சொந்த ஊர்களுக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரை இவ்வழி நீடித்தது. இம்முறையால் ஒரே ஊரினர் ஒரே தோட்டத்தில் கூடினர். தமிழகத்தின் உறவுமுறை கடல் கடந்து வந்தது. சாதியும் உடன் வந்தது. சில தோட்டங்களில் லயங்களும் சாதி வாரியாகவே பிரிந்து நின்றன.

வந்தவருள் பெண்கள் மிகக் குறைவு. ஆதலின் தொடக்கக் காலத்தில் துணை கிடைப்பதே அரிதாயிற்று. குடும்பங்கள் நிலைபெற்ற பிறகே, பெண் பார்த்தலும் பரிசம் போடுதலும் தாய்மாமன் முறையும் ஊரில் நிகழ்ந்தது போல இங்கும் நிகழலாயின.

லயத்து வாழ்வில் மறைவு என்பது இல்லை. ஒரு வீட்டின் பேச்சு பலகைச் சுவரைக் கடந்து அடுத்த வீட்டிற்குக் கேட்கும். விடியுமுன் பெரட்டுக்கு வராதவன் சோம்பேறி என்பதைத் தோட்டமே அறியும். வாய்த்துடுக்கு உடையவள் யார், மனைவியை அடிப்பவன் யார், கடனைத் திருப்பித் தராதவன் யார் என்பதைத் தண்ணீர்க் குழாயடியில் கேட்டறியலாம். தொல்காப்பியர் தொகுத்த குற்றங்களை அறிவதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அண்டை அயலாரே சான்றாயினர்.

தோட்டத்து மணப்பேச்சில் பெரிதாக நின்ற குறை குடி. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூலி கிடைத்த நாளில் அதன் பெரும்பகுதி அங்கேயே கரைந்த குடும்பங்கள் உண்டு. 1946-47ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கு எதிராகத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியது. 1947இன் தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. இந்நிகழ்ச்சியைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பகுதியாக எழுதுவர். அது குடும்ப வரலாற்றின் பகுதியும் ஆகும். குடிப்பவனுக்குப் பெண் கொடுக்கலாகாது என்னும் எண்ணம், அடுப்பங்கரையில் முணுமுணுக்கப்பட்ட நிலையிலிருந்து பொது மேடைக்கு ஏறிய காலம் அது.

சீர்திருத்தக் குரல்

சாதியைக் கண்டு மறுக்கும் வழக்கத்தின்மீதும் அடி விழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் உரையாற்றினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' அக்கருத்துகளைத் தோட்டங்களுக்கும் கொண்டு சேர்த்தது. புரோகிதர் இன்றி, தலைவர் ஒருவர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக் கொள்ளும் மணங்கள் இங்கும் நிகழ்ந்தன.

நாட்டின் சட்டமும் பின்னர்த் தன் பட்டியலை வகுத்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதை அது கட்டாயமாக்கியது. பதிவையும் வயது வரம்பையும் வரையறுத்தது. நெருங்கிய உறவில் மணம் கூடாது என விதித்தபோதும், அக்காள் மகளை மணக்கும் இந்து வழக்கத்திற்கு அது இடம் விட்டது. ஏற்கெனவே மணமானவரா, உரிய வயதினரா, விலக்கப்பட்ட உறவினரா என்பவற்றோடு சட்டத்தின் தடைகள் முடிந்து விடுகின்றன. எஞ்சியவை மனிதரின் தேர்வுக்கே விடப்பட்டன.

அச்சேறிய மணக்குறிப்பு

அத்தேர்வின் போக்கை மாற்றியது செய்தித்தாள். மண விளம்பரம் மிகப் பழைமையானது. இங்கிலாந்தில் 1695ஆம் ஆண்டு ஜான் ஹாட்டன் என்பார் நடத்திய வேளாண் வணிக இதழில், 30 வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறத்தாழ 3,000 பவுன் செல்வமுடைய மங்கையை நாடி விளம்பரம் செய்தார். அன்றே பண்பு பின்னே நின்றது. பணம் முன்னே வந்தது.

தமிழ் நாளிதழ்களிலும் 'மணமகள் தேவை', 'மணமகன் தேவை' என்னும் பகுதிகள் இடம் பெற்றன. விளம்பரம் சிறியது, ஆதலின் எண்ணிச் சொல்லக் கூடியவையே அதில் இடம் பெற்றன. வயது, உயரம், நிறம், சாதி, நட்சத்திரம், வேலை என வரிசை அமைந்தது. மெய்ப்பாட்டியலின் பத்துக்குப் பதிலாக, தினம், கணம், யோனி, ரஜ்ஜு முதலாகச் சோதிடர் கூறும் பத்துப் பொருத்தம் முன்னின்றது. 'சாதி தடையில்லை' என்று துணிந்து எழுதியோரும் இருந்தனர். ஆனால் கடுஞ்சொல் பேசாதவர், பொறாமையற்றவர் என்பதை எவ்வாறு விளம்பரம் செய்வது? செய்தாலும் யார் நம்புவர்? அச்சில் ஏற்ற முடியாதவை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்தும் நழுவின.

தோட்டம் நிலைத்திருந்த வரை இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. விளம்பரத்தில் கண்ட குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, அத்தோட்டத்தில் யாரேனும் ஓர் உறவினர் இருந்தார். அந்நிலையும் மாறியது. 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். எனினும் பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது; தோட்டங்கள் குடியிருப்பு நிலங்களாயின. 1996இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் பினாங்கின் தொழிற்சாலைகளும் இளையோரை ஈர்த்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் வெவ்வேறு பட்டணங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறினர். குழாயடிச் சான்று மறைந்தது. அவ்விடத்தை நிரப்ப வந்தது இணையம்.

திரையில் விலக்கும் விரல்

1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் தமிழர்க்கென ஓர் இணையத்தளம் நடத்தினார். அதன் மணப் பகுதியே பின்னர் 'பாரத் மேட்ரிமோனி' என வளர்ந்தது. 2012இல் 'டின்டர்' செயலி வந்தபின், பெற்றோர் துணையின்றி இளையோர் தாமே ஒருவரையொருவர் நாடும் முறையும் பரவியது.

நாளிதழின் வரிசை இங்கு வடிகட்டியாயிற்று. நிறத்தையும் சாதியையும் ஒரு பொத்தானால் தேர்ந்து, ஏனையோரைக் கண்ணிற் படாமலேயே ஒதுக்கி விடலாம். 2020 ஜூனில், வட அமெரிக்காவில் வாழும் இந்தியப் பெண்கள் எழுப்பிய எதிர்ப்பால், 'ஷாதி' தளம் நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை நீக்கியது. ஒரு பட்டியலில் இருந்து ஒரு சொல் நீங்கியது. உள்ளங்களிலிருந்து அது நீங்குவதற்கு இன்னும் காலம் செல்லும்.

கண்ணால் காணாத இடத்தில் பொய்யும் எளிது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இணையத்தில் துணை தேடிய 80 பேரின் உயரம், எடை, வயது ஆகியவற்றை அவர்தம் குறிப்போடு ஒத்துப் பார்த்தனர். 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒன்றிலாவது உண்மைக்கு மாறாக எழுதியிருந்தனர். 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, துணை தேடுவோர் நிறைகளைக் காட்டிலும் குறைகளையே மிகுதியாக எடை போடுகின்றனர் எனக் காட்டியது. மனிதர் வெறுத்து ஒதுக்கும் குறைகளுள் சோம்பல் அங்கும் முன்வரிசையில் நின்றது.

இன்றைய இளையோர் எத்தகைய குறிப்பைக் கண்டு முகம் சுளிக்கின்றனர் என நோக்கின், வியப்பே மிகும். தன் வாகனத்தையும் வருவாயையும் படம் பிடித்துப் பறைசாற்றுபவரைக் கண்டு வெறுக்கின்றனர். அது தன்னை வியத்தல். முன்னாள் துணையை இழித்து எழுதுபவரை வெறுக்கின்றனர்; அது புறமொழி. "இன்னின்னார் வர வேண்டாம்" எனச் சினந்து கட்டளையிடுபவரை வெறுக்கின்றனர், அது வன்சொல். இரண்டு சொல்லும் ஒரு மங்கிய படமும் இட்டு விட்டுப் பிறர் உழைப்பை எதிர்பார்ப்பவரை வெறுக்கின்றனர், அது மடிமை. குலப்பெருமை பேசுபவரை வெறுக்கின்றனர். அது குடிமை இன்புறல். பழைய இலக்கணத்தை ஒருமுறையும் படித்திராத இளையோர், அதன் இரண்டாம் பட்டியலைத் தம் இயல்பாலேயே கண்டு கொண்டனர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இக்குற்றங்களை அவர்கள் காண்பது, வடிகட்டி ஏற்கெனவே பலரை ஒதுக்கிய பின்னர்தான். கறுத்தவர் என்பதாலும், வேறு சாதியினர் என்பதாலும், தோட்டத்து முகவரி உடையவர் என்பதாலும் ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் நிறையும் அருளும் உணர்வும் இருந்திருக்கலாம். அவரைக் காணும் வாய்ப்பே அமையாது போகிறது. குடிமையை முன்வைத்துத் தேடியவருக்கு, குடிமை இன்புறும் துணையே வாய்ப்பதில் வியப்பில்லை.

தமிழாசிரியர் கடமை ஈண்டே தொடங்குகிறது. மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவோடு நிறுத்தாமல், இரண்டாம் நூற்பாவையும் மாணவர் உளங்கொளக் கற்பித்தல் வேண்டும். அது தலைவனுக்கும் தலைவிக்கும் பொதுவாகக் கூறப்பட்டது என்பதையும் வலியுறுத்தல் வேண்டும். பிறரை அளப்பதற்குக் கொண்ட கோலால் தன்னையும் அளந்து கொள்பவரே மணத்திற்கு உரியவர். தன் குறிப்பை எழுத அமரும் இளைஞனும் நங்கையும் முதலில் அக்குற்றங்கள் தம்மிடம் உளவா என எண்ணிப் பார்ப்பாராயின், விலக்கத்தக்கவரை விலக்குதல் எளிதாகும். விலக்கலாகாதவரை விலக்கும் பிழையும் குறையும்.